கடமையேற்கவில்லை

ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் தட்டச்சு செய்தேன்.
ட்ரெவருக்கு நகரம்,
கஸ்தூரியார் வீதியிலிருந்து நடக்கிற தூரம்.
ஓர்லாவுக்கு எழுவைதீவு.
அதிகஷ்டப் பிரதேசம் என்று பக்கத்தில் போட்டு
பிறகு அழித்தேன்.
வெளிநாட்டுக்காரிக்கு அது என்னத்துக்கு,
படியா கூட்டிக் கொடுக்கப் போகிறோம்?

"மாறி அடிச்சுப் போட்டீரோ பிள்ளை?
பொம்பிளையை டவுனுக்கெல்லோ விடுவம்."
"அவவே கேட்டவ, சேர்."
விண்ணப்பத்தின் மூன்றாம் கேள்வியில்
நகரம் கிராமம் இரண்டையும் வெட்டிவிட்டு
படகு இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தாள்.
அவளுடைய ஊரும் தீவாம்.
குளிர்கூடிய தீவு.

இரண்டாம் கிழமையே ட்ரெவர் வந்து குந்திவிட்டான்.
வகுப்பில் நாற்பத்தாறு பேர்.
செயப்பாட்டு வினையை நித்திரையிலும் சொல்வார்கள்,
உன் பெயர் என்ன என்றால்
பக்கத்திலிருப்பவனைப் பார்ப்பார்கள்.
அவன் நாளைக்குப் படிப்பிக்க இருப்பதை
ரியூசனில் போன மாதமே முடித்தாயிற்று.
இடைவேளையில் பெரிய பெடியள் சுற்றி நின்று
ஸ்காபரோவில் அறை வாடகை எவ்வளவு,
பனிச் சப்பாத்து என்ன விலை என்று கேட்கிறார்களாம்.
"நான் அந்தப் பக்கம் போனதேயில்லை,
எங்கட ஊர் வெறும் கோதுமை வயல்."
ஒருத்தரும் நம்பவில்லை.
நானும் அரைவாசிதான்.

ஓர்லாவிடமிருந்து வரவு அறிக்கை மட்டும் வரும்,
ஓரமெல்லாம் உப்பு.
ஆறு முதல் பதினொன்று வரை, மொத்தம் பதினேழு பிள்ளைகள்.
காற்றுக் கடுமை, படகு ஓடவில்லை: இரண்டு நாள்.
றொபின்சன், நண்டு வலைக்குப் போனது: மூன்று நாள்.
குறிப்பு நிரலில் ஒருதரம்,
இன்று அபிசாளினி என்னோடு சண்டை பிடித்தாள், ஆங்கிலத்தில்.
அதன் கீழே இரண்டு கோடு.
பணிப்பாளர் அதைச் சிவப்பால் வெட்டச் சொன்னார்.
வெட்டினேன். மெல்லியதாய்.

ஆவணி முடிய ஒரு வெள்ளிக்கிழமை
வெண்கட்டி கேட்டு அவளே வந்தாள்.
சப்பாத்துக்குள் மணல்.
தொலைபேசியை நீட்டினாள்,
பள்ளியின் பழைய சம்பவத் திரட்டு, ஒரு பக்கம்.
பிள்ளைகள் அதை வைத்துத்தான்
தனக்குத் தமிழ் வாசிக்கப் பழக்கினார்களாம்.
விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்:
செல்வி ப. சிவரூபி, ஆங்கில ஆசிரியை,
நியமனம் பெற்றும் இன்றுவரை
க ட மை யே ற் க வி ல் லை.

மின்விசிறி கடகடத்தது.
"கடைசிச் சொல் எந்தக் காலம்?
வராமல் விட்டாளா,
இன்னும் வரவில்லையா?"

பதினாறு வருசம்.
அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று காரணம் எழுதி
யாரோ ஒருவரின் கடிதமும் இணைத்து
இந்த மேசைக்கு வந்தேன்.
அம்மாவுக்கு அப்போது ஒன்றுமில்லை.
வருத்தம் பிறகு வந்தது, நான் எழுதிய சொல்லைத் தேடிக்கொண்டு.
என் கோவையில் இப்போதும்
தற்காலிக இணைப்பு என்றுதான் இருக்கிறது.

நெடுநாளைக்குப் பிறகு ஒரு முழு வசனம்
ஆங்கிலத்தில் சொன்னேன்.
அந்தச் சொல்லுக்குக் காலம் இல்லை.
ஆளும் இல்லை.
நான், நீ, அவள், எவருக்கும் ஒரே முடிவு.
நேற்றைக்கும் பொருந்தும்
நாளைக் காலையிலும் பொருந்தும்.

கொப்பியில் எழுதிக்கொண்டாள்.
"பிள்ளைகளுக்கு இதை ஆங்கிலத்தில்
எப்படிச் சொல்வேன்?"
என் முகத்தைப் பார்த்தாளா, தெரியாது.
இரண்டு பெட்டி வெண்கட்டி கேட்டாள்.
மூன்று கொடுத்தேன்,
பதிவில் இரண்டு என்றே போட்டேன்.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் ட்ரெவர்.
சனிக்கிழமை தீவைப் பார்க்கப் போகிறானாம்,
ஊர்காவற்றுறையில் முதல் படகு எத்தனை மணிக்கு?
தாளைப் பார்க்காமலே சொன்னேன்,
அதற்குப் பிடிக்க வேண்டிய பஸ்ஸையும்,
மாரியில் அது பிந்துகிற நிமிடங்களையும்.

"நீங்கள் அடிக்கடி போவீர்களோ?"

தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.
தவறான இலக்கம்.
கன நேரம் காதில் வைத்திருந்தேன்.