அடுப்புச் சுடர் மறையும் நேரம்

பன்னிரண்டு வருஷமாய் இந்தப் பள்ளத்தாக்கில்
எனக்குச் சமையல் வேலை.
சூரிய உதயம் என்றால்
கேஸ் அடுப்பின் நீலச் சுடர்
திடீரென்று கண்ணுக்குத் தெரியாமல் போவது.
எரிகிறதா அணைந்ததா என்று
கையை நீட்டிப் பார்ப்பேன்.
சுட்டால், விடிந்துவிட்டது.

அதற்குள் மேலே கணவாயில் நின்று
நான் கட்டிக்கொடுத்த ரொட்டியைத் தின்றபடி
பார்த்துவிட்டு இறங்கி வருவார்கள்.
முகமெல்லாம் ஒரு தினுசாய் இருக்கும்.
“அர்த்தேமியா, நீ பார்த்திருக்க வேண்டும்.”
ஆமாம் ஆமாம் என்று கஞ்சியை நீட்டுவேன்.
பாத்திரம் கழுவி, மூட்டை கட்டி,
நான் அதே கணவாயில் ஏறும்போது
உச்சி வெயில்.

இந்த வியாழக்கிழமை யாரும் வரவில்லை.
உவாராஸ் சாலையில் மறியல். டயர் எரிகிறதாம்.
பதினோரு பேருக்கான ஓட்ஸ், சீஸ்,
அவித்து வைத்த இருபத்திரண்டு முட்டை.
இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது, பழக்கம்.
பக்கத்துக் கூடாரத்தை உதைத்து
தொரீபியோவை எழுப்பினேன்.
கழுதைக்காரன், அக்காள் புருஷனின் தம்பி.
“எங்கே?”
“மேலே.”
“எதற்கு?”
செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சுமையில்லாமல் நடக்க முதுகுக்குத் தெரியவில்லை.
இல்லாத எடைக்கு ஈடுகொடுத்து
முன்னால் சாய்ந்து சாய்ந்து போனது.
ஓடையைத் தாண்டும் கல்லில் பனிக்கட்டி.
எப்போதும் என்னை அழுத்திப் பிடித்திருக்கும்
பாத்திர மூட்டை இல்லாததால்
முழங்கால்வரை உள்ளே.
தொரீபியோ சிரித்தான்.
கழுதை சிரிக்கவில்லை.
அதை ஏன் இழுத்து வந்தாய் என்றேன்.
தனியே விட்டால் அழும் என்றான்.

கெனுவல் மரங்களுக்குள் இருட்டு இன்னும் தடிப்பு.
உரிந்த பட்டைகள் காகிதம்போல் படபடத்தன.
விளக்கை அணைத்துவிட்டோம்.
மேலே இச்சுப் புல்லெல்லாம் உறைபனி,
மிதித்தால் வறுத்த சோளம் கடிபடுகிற சத்தம்.
லிக்லிக் பறவையொன்று
இரண்டு தடவை எங்களைத் திட்டிவிட்டு அடங்கியது.
கன்னத்தில் கோக்கா இலை.
மூச்சே போதவில்லை, பேச்சுக்கு எங்கே போவது.

பாதி ஏற்றத்தில்
வழக்கமாய்ச் சுமை இறக்கும் பாறையருகே
கழுதை நின்றுவிட்டது, வெறும் முதுகோடு.
தள்ளினோம். கெஞ்சினோம்.
கடைசியில் தொரீபியோ குனிந்து
இல்லாத கயிற்றை அவிழ்த்து,
இல்லாத பெட்டியைத் தரையில் வைத்து,
மறுபடி தூக்கிக் கட்டினான்.
அப்புறம்தான் நகர்ந்தது.

கணவாயில் காற்று காதைப் பிடித்துத் திருகியது.
கிழக்கு முதலில் சாம்பல்,
பிறகு வெங்காயத் தோலின் நிறம்.
பனிமுகட்டின் நுனியில்
கடுகளவு நெருப்பு. பெருத்தது.
கண் கூசித் திரும்பிக்கொண்டேன்.
நேராகப் பார்க்கவே முடியாத ஒன்று அது என்று
இத்தனை வருஷத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பியதால் பள்ளத்தாக்கு தெரிந்தது.
எதிர்ச்சுவரில் வெளிச்சம் ஒரு கோடாய்
இறங்கிக்கொண்டிருந்தது,
ஆடு ஓட்டுகிறவளைப்போல,
தவறிய பாறைக்காகத் தயங்கி நின்று.
கீழே எங்கள் மஞ்சள் கூடாரத்தில்
இன்னும் நேற்று.

தொரீபியோ முட்டை உரித்து நீட்டினான்.
“எப்படி இருக்கு?”
வாய் நிறைய முட்டை. விரலால் காட்டினேன்.
முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.
கோடு ஓடையைத் தாண்டியது,
கழுதைப் பட்டியைத் தாண்டியது,
காற்றுக்கு மறைவாய் அடுப்பைச் சுற்றி
நான் அடுக்கிய கற்கள்மேல் ஏறியது.
அங்கே யாரும் இல்லை.
“இந்நேரம் தண்ணி கொதிச்சிருக்கும்,” என்றான்.

மிச்சமிருக்கும் முட்டைகளை என்ன செய்வதென்று
சண்டை போட்டுக்கொண்டே இறங்கினோம்.
பாறையருகே
கழுதை மறுபடி நின்றது.
இந்தத் தடவை நான்தான் குனிந்தேன்.