ஏழாவது துளை

ஏழு துளைகளோடு கைமாறியது லேண்ட் ரோவர்.
வானொலிக் கம்பி நின்ற இடத்தில் ஒன்று,
தேடுவிளக்குக்கு இரண்டு,
நாய்க்கூண்டைப் பிடுங்கியபோது மூன்று.
பின்பக்கச் சுவரில் இருந்த ஏழாவதைப் பற்றிக் கேட்டதற்கு
ஆஸ்வின் மேகத்தைப் பார்த்தான்.
பிறகு விலையில் பத்து பவுண்டு குறைத்தான்.

மேற்கு ஃபாக்லாந்தில் மழை மேலிருந்து விழுவதில்லை.
படுத்துக்கொண்டு வரும்,
திறந்திருப்பது எதுவென்று தேடி.
தீவன மூட்டைகள் நனைந்து
பாதி அங்கேயே முளைவிட்டன.

வெல்டிங் தெரிந்தவன் கடலுக்கு அந்தப் பக்கம்.
இங்கேயே இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்.
இரும்பு சூடேறினால் முகம் சிவக்கும்,
சொல்லிவிட்டுத்தான் உருகும்.
அலுமினியம் சொல்லாது.
அதே வெள்ளி, அதே அமைதி,
அடுத்த நொடி தரையில் ஒரு குட்டை.
என் முதல் கணவனும் அந்த வகைதான்.

எனவே பசை, தகடு, ரிவெட்.

கூண்டை ஆஸ்வின் இரும்புத் திருகால் மாட்டியிருந்தான்.
உப்புக்காற்றில் இரண்டு உலோகமும் சண்டைபோட,
தோற்றது எப்போதும்போல மென்மையானது:
துளையைச் சுற்றி வெள்ளை மாவு,
நகம் பட்டாலே உதிரும் விளிம்பு.
நல்ல உலோகம் தட்டுப்படும்வரை அராவினேன்.
பட்டாணி அளவு நாணயமானது.

உடைந்த கேட்டின் அறிவிப்புப் பலகையை வெட்டித்தான் ஒட்டுத்தகடுகள்.
"கதவைச் சாத்து" என்று அதில் இருந்தது.
எழுத்தெழுத்தாகப் போனது.

இன்னொன்று.
சுரண்டிய அலுமினியம் பளிச்சென்று இருக்கும்போதே
கண்ணுக்குத் தெரியாத தோலொன்றைப் போர்த்திக்கொள்கிறது.
அதை அரிக்காமல் காப்பதும் அந்தத் தோல்தான்,
எதையும் ஒட்டவிடாததும் அதேதான்.
ஆகவே பசையைக் குழைத்துக் கையில் வைத்துக்கொண்டுதான்
கடைசிச் சுரண்டலைச் சுரண்ட வேண்டும்.
யோசிக்க நின்றால் போச்சு.

காற்று கதவைப் பிய்த்துவிடும் என்று
எல்கனை உள்ளே விட்டுச் சாத்தினேன்.
அவன் உள்ளிருந்து தகட்டை அழுத்த,
நான் வெளியிலிருந்து ரிவெட் துப்பாக்கியை நெரிப்பேன்.
டக்.
"விரலை எடு."
டக்.
ஒன்று. இரண்டு. மூன்றாவதில் துரப்பணம் வழுக்கிப்
பெயிண்டில் வால்நட்சத்திரம் போல ஒரு கீறல்.
நான்கு. ஐந்து.
ஆறை முடித்தபோது மேகம் விலகி
மலைச்சரிவு முழுக்க வெயில்.

ஏழாவதுக்குப் பசை குழைத்தேன்.
உள்ளேயிருந்து சத்தமே இல்லை.
"தகட்டை வைத்தாயா?"
"அம்மா, ஒரு நிமிஷம்."
"நிமிஷமெல்லாம் கிடையாது, இறுகிவிடும்."
"நீ கொஞ்சம் இடது பக்கம் நட."
நடந்தேன், எதற்கென்று தெரியாமல்.
"ஐயோ," என்றான், சிரித்தபடி.
"நீ வானத்தில் தொங்குகிறாய்."

தவழ்ந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.
வண்டிக்குள் இதுவரை இருந்திராத இருட்டு.
ஆறு துளை அடைத்த இருட்டு.
எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்த வெள்ளைத் தீவன மூட்டைமேல்
எங்கள் மலை கவிழ்ந்து கிடந்தது.
கீழே நீலம்.
மேலே, கூரையைப் புல் என்று நம்பி,
நான்கு காட்டு வாத்துகள் மேய்ந்தன.
ஸ்மட்ஜ் தலைகீழாக நடந்து வந்து
தலைகீழாகவே காலைத் தூக்கியது
என் துருப்பிடித்த டிரெய்லர் மேல்.

எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை.
ஏழும் திறந்திருந்த நாட்களில்
வெளிச்சம் வெளிச்சத்தை அழித்துக்கொண்டிருந்திருக்கிறது;
எங்களுக்கு அது வெறும் ஒழுகலாக மட்டும் தெரிந்தது.

வெளியே வந்தபோது
டப்பா மூடியில் பசை கல்லாகிவிட்டிருந்தது, குச்சியோடு.
இன்னும் இரண்டு தகடு மிச்சம்.
புதுப் பசைக்கு அடுத்த படகு வரவேண்டும்
என்று எல்கனிடம் சொன்னேன்.
அலமாரியில் இன்னொரு குழாய் இருப்பது
இருவருக்கும் தெரியும்.

ஒயின் பாட்டில் தக்கையொன்றைச் செதுக்கி அடைத்தோம்.
செவ்வாய்க்கிழமையே அதை ஸ்மட்ஜ் தின்றுவிட்டது.

நேற்று இரவு மழை.
ஒரு வாளி போதுமாக இருந்தது.