நெல்லித்துறை, மூன்றாம் மடு

ஐப்பசி பதினாறு. காலை ஏழு பத்து.
தண்ணீர் இருபத்திரண்டரை டிகிரி.
கலங்கல்: முழங்கால் ஆழத்தில் பாதம் தெரிகிறது,
விரல்களை எண்ண முடியவில்லை.

வெள்ளிங்கிரி வலையின் ஒரு முனையோடு
அக்கட்டால போகிறான்.
இடுப்புக்கு வருகிறது, மாருக்கு வருகிறது.
பீடிக்கட்டைப் பல்லில் கவ்விக்கொள்கிறான்.
இந்த முனையில் நான்.
நடுவில் பவானி,
எங்கள் இருவரையும் ஒரு பொருட்டாக நினைக்காமல்.

முதல் இழுப்பு: பாக்கு மட்டை, ஷாம்பூ உறை, கெளுத்தி இரண்டு.
அடுத்தது: ஜிலேபி,
வாய் நிறையக் குஞ்சோடு,
எங்கள் தாளில் இடமில்லாத செழிப்பு.
மூன்றாவது: பூஜ்யம்.

பூஜ்யத்தை எழுதத்தான் வேண்டும்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலியாக விடுவேன்,
இல்லாததற்கு எதற்கு மை என்று.
கணினி ஏற்க மறுத்தது.
காலி என்றால் நீ போகவில்லை.
பூஜ்யம் என்றால்
போனாய், நின்றாய், நனைந்தாய்,
ஆறு இல்லையென்றது.

நான்காம் இழுப்பில் வலையின் மடி துடித்தது.
"இருக்குதுங்கோ!"
பீடிக்கட்டு வாயிலிருந்து விழுந்ததை
அவன் கவனிக்கவில்லை.
பொம்மீன் குஞ்சுகள். முப்பது.

வாளியில் நான்கு சொட்டுக் கிராம்பெண்ணெய்.
பல் டாக்டர் அறையின் வாசனையில்
ஒவ்வொன்றாகச் சாய்கின்றன,
மூன்றாம் ஷிப்ட் முடிந்த மில் பஸ்ஸில்
பெண்கள் சாய்வதுபோல்
ஒன்றன்மேல் ஒன்று.

கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும்,
உலர்ந்த விரல் அவற்றுக்குத் தணல்.
பலகையில் கிடத்தி நான் சொல்ல, அவன் எழுதுகிறான்.
முப்பத்தெட்டு மில்லிமீட்டர். நாற்பத்தொன்று. முப்பத்தாறு.
வலது இடுப்புத் துடுப்பின் ஓரத்தில்
சின்னக் கத்தரியால் ஒரு நறுக்.
வளர்ந்துவிடும்.
கொஞ்சம் கோணலாக,
தெரிந்தவருக்குத் தெரியும்படி.

இருபத்துமூன்றாவது பெரிது. நூற்றுப் பன்னிரண்டு.
கத்தரி வேண்டியிருக்கவில்லை,
இடது துடுப்பில் ஏற்கெனவே கோணல்.
இடது என்றால் போன வருஷம்.

போன வருஷத் தாளில்
ஐப்பசி பதினொன்றிலிருந்து பத்தொன்பதுவரை காலி.
அந்த ஒன்பது நாளும்
கோயமுத்தூரில், தம்பியின் கட்டிலருகே,
நான்கு மணிக்கொரு முறை
வேறொரு தாளில் வெப்பநிலை எழுதிக்கொண்டிருந்தேன்.
அந்தத் தாளிலும்
கடைசிக் கட்டங்கள் காலி.

இந்த மீன் அந்த ஒன்பது நாளும்
இங்கேதான் எங்கோ
பாசியைக் கொறித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"மேடம், எத்தனைன்னு சொன்னீங்க?"
நூற்றுப் பன்னிரண்டு என்று மறுபடி சொல்வதற்குள்
மேலே பில்லூர்ப் பக்கம் சங்கு ஊதியது.

தண்ணீர் விட்டுவிட்டார்கள்.
வலை, பலகை, தாள் எல்லாம் வாரிச் சுருட்டி
பாக்குத் தோப்புக்கு ஏறினோம்.
வாளியை நான் தூக்கினேன்.
மயக்கம் தெளியாத மீனை வெள்ளத்தில் விடக் கூடாது.

கால் மணி நேரத்தில் நாங்கள் நின்ற பாறை இல்லை.
தோப்பு வாய்க்காலில் மொண்டு மொண்டு
வாளித் தண்ணீரை மாற்றினேன்.
வெள்ளிங்கிரி தக்காளிச் சோற்றைப் பிரித்து
பாதியை என் பக்கம் நகர்த்தினான்.
ஒன்று நிமிர்ந்தது.
பிறகு நான்கைந்து சேர்ந்து.
பெரியது கடைசியில்தான்,
எழுந்ததும் வாளியைத் தலையால் முட்டியது.

வெள்ளம் வளைந்து தணியும் ஓரத்தில்,
நாணல் வேருக்குள்,
வாளியைச் சாய்த்துப் பிடித்தேன்.
போனது தெரியவில்லை.
வாளி கனமில்லாமல் ஆனது மட்டும்.

பிடித்தது: முப்பது.
அளந்தது: இருபத்துமூன்று.
அளக்காமல் விட்டது: ஏழு.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஆறு வந்தது.

வெள்ளிங்கிரி சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் தடவி
தீப்பெட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு
ஆற்றைப் பார்த்தான்.
அதற்குக் கட்டம் இல்லை.