ஆறு லெவா கல்

ப்ளோவ்டிவ் சந்தையில் ஆறு லெவாவுக்கு வாங்கிய கல்,
நடுவில் ஏற்கெனவே குழி.
ராட்கா அதை அடுக்ககத்தின் சிமெண்ட் படியில்
தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினாள்.
மூன்றாம் மாடி ஸ்டாமென் கதவைத் திறந்து
பல் கூசுகிறது என்றார்.

கத்தி ஓரத்தில் கறுப்பு மார்க்கர் பூசி
எங்கே மை போகிறதென்று பார்த்தாள்.
தோளில் அழிந்தது; வாயில் அப்படியே.
முதுகை ஒரு மயிரிழை தூக்கினாள்.
மணிக்கட்டு மறந்தது.
திரும்பத் தூக்கினாள்.

ஞாயிறு கழிந்து புதன் இரவு
மறுபக்கம் வருடிய கட்டைவிரலில் தட்டியது
பிசிறு.
கண்ணுக்குத் தெரியாது.

மின்கட்டணச் சீட்டைத் தொங்கவிட்டு இழுத்தாள்.
பெயர் வரை ஓசையின்றி அறுந்து
தொகை வந்ததும் சிக்கியது.
மீன் டின்னை இதனால் திறந்த நாளில்
விழுந்த பல் அது.

கல்லில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள்.
மேலே ஸ்டாமென் இருமினார்.