ஞாயிறு, பத்து நிமிடம்

ஊர்ப் பெயரிலேயே உப்பிருக்கும் உப்புவெளியில்,
சித்திரை வெயில் தாரை இளக்கும் பதினொன்றரைக்கு,
எங்கள் வானின் ஹீட்டரை
முழுதாகத் திறந்து வைத்திருக்கிறேன்.
கண்ணாடிகள் இறக்கி, கதவுகள் விரித்து,
எஞ்சின் ஓட ஓட
வெளியே நிற்கிறேன்.
ஐஸ்பழக்காரன் மணியை நிறுத்திவிட்டுக் கேட்கிறான்:
“உள்ளுக்க என்ன அக்கா, பாண் போறணையா?”

வாரத்துக்கு ஒருக்கால், பத்து நிமிடம்.
பிறகு மூடலாம்.

எண்பத்தாறாம் ஆண்டு வான்.
பனி கொட்டும் ஏதோ நகரத்துக்கென்று செய்து
கப்பலில் இங்கே வந்து இறங்கியது.
டாஷ்போட்டின் பின்னால்
ஒரு சோற்றுப் பார்சல் அளவில்
இன்னொரு ரேடியேட்டர் ஒளிந்திருப்பது
ஏழு வருஷம் எனக்குத் தெரியாது.
அதன் குழாய்களில் ஈர்க்கு நுழைவதே கஷ்டம்.
திருகு பூட்டியே கிடக்க
உள்ளே தண்ணீர் நின்றது.
நின்ற தண்ணீரின் குணத்தை
எங்கள் கேத்தலின் அடி சொல்லும்:
நகத்தால் சுரண்டினாலும் விடாத வெள்ளைப் பொருக்கு.
அதே கிணற்றுத் தண்ணீரைத்தான்
வானுக்கும் வார்த்தோம்.

போன மார்கழி
பாரைக் கருவாடு ஏற்றி நுவரெலியாவுக்குப் போன இரவு,
றம்பொடை வளைவில்
கண்ணாடி உள்பக்கமாக வெளிறியது.
மரியநேசன் சறத்தின் நுனியால் துடைத்தார்.
துடைக்கத் துடைக்க
எங்கள் மூச்சே போய்ப் படிந்தது.
“கொஞ்ச நேரம் மூச்சு விடாத” என்றார்.
பகிடிக்குச் சொல்லவில்லை.
ஹீட்டரை இழுத்தேன்.
குளிர்தான் வந்தது, கருவாட்டு மணத்தோடு.
தலையை வெளியே நீட்டி
வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு
மூன்று கட்டை ஓட்டினேன்.
இரண்டு நாள் வலது காது கேட்கவில்லை.

ஜமாலியாவில் நஸ்வர் குனிந்து பார்த்தான்.
“கழட்டிப்போட்டு ஹோஸ் ரெண்டையும் சேர்த்து விடுவம்.
திருகோணமலையில ஆருக்கு ஹீட்டர்?”
மலைக்குப் போறவளுக்கு, என்றேன்.

தண்ணீர் வெளியேறும் வாயில்
ஹோஸைப் பிடித்தான்.
புகுந்த பக்கமாகத் தள்ளினால் இன்னும் இறுகும்;
எதிர்ப்பக்கமிருந்து, மெல்ல மெல்ல.
பழைய பித்தளை, வேகம் வைத்தால் பிளந்துவிடும்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு இருமல்.
துரு வந்தது, சாயத் தேத்தண்ணி போல.
அதன் பின்னால்
மஞ்சள்.

நஸ்வர் விரலில் தொட்டு முகர்ந்தான்.
என்னைப் பார்க்கவில்லை,
மரியநேசனைப் பார்த்தான்.
மரியநேசன்
சீனக்குடாவில் விமானம் இறங்குகிறதா என்று
அண்ணாந்து பார்த்தார்.

நாலு வருஷத்துக்கு முன்னால்
ஹபரணைக் காட்டில் ரேடியேட்டர் ஒழுகியதாம்.
யானை வரும் நேரமாம்.
வீட்டுக்கென்று வாங்கிய மஞ்சள் தூள் பைக்கற்றை
அப்படியே உள்ளே கொட்டினாராம்.
“ஒழுக்கு நிண்டதுதானே.”
அந்தக் கிழமைதான்
சாமான் குறையுதென்று
கடைக்காரர் தங்கத்துரையோடு
தெருவே கேட்கச் சண்டை பிடித்தவள் நான்.
இன்றைக்கும் அவர் எனக்குக் கடன் தருவதில்லை.

இப்போது கிணற்றுத் தண்ணீர் இல்லை.
பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரும்
பச்சைக் கூலன்டும் பாதிக்குப் பாதி.
சிவப்பு மலிவென்று கொண்டு வந்தார்,
திருப்பி அனுப்பினேன்:
இரண்டும் கலந்தால் சிலது களியாகிவிடும்,
களிக்கு எங்கே வழி அந்தக் குழாயில்?
இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை
முழுதும் இறக்கி, கழுவி, புதிது.
ரேடியேட்டர் மூடிக்கு மேலே
அவர் கையெழுத்திலேயே எழுத வைத்தேன்:
மஞ்சள் போடப்படாது.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு;
விடியமுதல் வாளி இறங்கி ஏறுகிறது.
அங்கே பொருக்குப் பிடிக்குமா தெரியாது.
ஒருநாள் எட்டிப் பார்க்க வேண்டும்.

எட்டாவது நிமிடம்
மரியநேசன் வந்து, நான் சொல்லாமலே,
முன் சீற்றில் ஏறி இருக்கிறார்.
காற்று வரும் துவாரத்தில் உள்ளங்கை வைக்கிறார்.
நெற்றியிலிருந்து வேர்வை
மூக்கு நுனிக்கு இறங்கி நிற்கிறது.
“சுடுது” என்கிறார்.
கை நீள்கிறது, நிற்பாட்ட.

இன்னும் ரெண்டு நிமிஷம், என்கிறேன்.