பதினொரு கிலோ

படகின் எடை பதினொரு கிலோ.
தென்கிழக்குக் காற்றுக்கு
அது ஒரு பொரி.

மில்லர்ஸ் பாயிண்டில் இறங்கும்போது
லோரென்ஸ் சிரித்தான்:
"கயிறு நாய்க்குத்தான், ஸெல்மா."
நான் குனிந்து
கெண்டைக்காலில் பட்டையைச் சுற்றினேன்.
வெல்க்ரோ பிரியும்போதுதான் சத்தம்,
ஒட்டும்போது இல்லை.

ரோமன் ராக் விளக்கைத் தாண்டியதும்
அலைமேல் அலை ஏறியது.
விழுந்தேன்.
மேல் எது கீழ் எது என்று தெரியாத பச்சைக்குள்
காலை ஏதோ வெடுக்கென்று இழுத்தது.
அந்தப் பக்கம்தான் படகு
என்பது மட்டும் தெரிந்தது.
இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை சரிந்து
மூன்றாவதில் உட்கார்ந்து
கொஞ்சம் அழுதேன்,
உப்போடு உப்பாக.

ஃபிஷ் ஹூக் மணலில்
எனக்கு முன்பே வந்து கிடந்தது அவன் படகு.
மஞ்சள். ஒரு கீறல்கூட இல்லை.
குழியில் கையளவு தண்ணீர்,
அதில் உருளும்
பாதி குடித்த பாட்டில்.

யாரோ போன் செய்தார்கள்.
யாரோ அவன் வயதைக் கேட்டார்கள்.
பட்டையை அவிழ்க்க மறந்து
அங்குமிங்கும் நடந்தேன்;
என் படகு பின்னாலேயே
மணலை உரசிக்கொண்டு வந்தது.

நூற்றுப்பத்து நிமிடம்.
மீட்புப் படகிலிருந்து இறங்கினான்
துடுப்பை இறுக அணைத்தபடி,
பற்கள் தந்தியடிக்க.
விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான்
அதை வாங்க வேண்டியிருந்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அடுத்த வியாழன். அதே காற்று.
விலைச்சீட்டு இன்னும் தொங்கும்
புதுக் கயிற்றோடு நின்றான்.
"எந்தக் கால்?" என்றான்.

பட்டை பதிந்த இடம்
இன்னும் ஊதாவாக இருந்தது எனக்கு.
அதைக் காட்டினேன்.