நாலு இருபத்தேழு

சனி இரவு ஒருவரும் படுக்கக் கூடாதென்று
ஒழுங்கை முழுக்கச் சொல்லியிருந்தேன்.
கென்ரக்கியில் பின்னேரம் ஓடுகிற குதிரை
உவர்மலையில் ஞாயிறு விடியப்புறம்
நாலு இருபத்தேழுக்கு ஓடும்.
தொப்பி கட்டாயம். அங்கத்தை முறையாம்.

தொப்பிக்கு எங்கே போவது?
பெனடிக்ற் ஹெல்மெற்றைக் கழற்றாமலே
கதிரையில் இருந்தார்.
ஜெஸீமா ரீச்சர் முக்காட்டில்
என் நைலோன் ரோசாவைக் குத்தி
"இது காணும்" என்றா.
பக்கத்து வீட்டுப் பொடியன்
இடியப்பத் தட்டைக் கவிழ்த்திருந்தான்.

சமையலை வாமன் குரலில் அனுப்பியிருந்தான்,
பின்னால் ஒரு குதிரை தும்ம.
பச்சைத் தக்காளியைச் சோளமாவில் புரட்டிப் பொரி.
சீஸோடு சிவப்பு மிளகாயை மசித்துப் பிஸ்கற்றில் பூசு.
பிறகு முட்டை, டெவில் பண்ணினது.
டெவில் எங்களுக்குத் தெரியாதா?
கறிமிளகாய், வெங்காயம், தக்காளிச் சோஸ்,
கண்ணில் தண்ணி வர வதக்கிப் படம் அனுப்பினேன்.
சிரித்து முடிய அவனுக்கு நேரம் எடுத்தது.
"அக்கா, இங்கத்தைப் பிசாசுக்கு உறைப்பே இல்லை."

அவர்கள் விஸ்கியில் புதினாவை இடித்துக் குடிப்பார்கள்.
எனக்குத் தென்னஞ்சாராயம்தான் கட்டும்.
வெசாக்குக்குக் கடை பூட்டு என்று வியாழனே வாங்கி
அரிசி வாளிக்குள் தாட்டு வைத்தது.
ஐஸ், மீன்வாடிக் கட்டி.
எவ்வளவு கழுவியும் மூன்றாம் மிடறில்
சூரை மணத்தது.
ரீச்சருக்கென்று கரைத்த தேசிக்காய்த் தண்ணிதான்
முதலில் முடிந்தது.

சிவநேசர், பெற்றிங் கடையில்
பாதிப் பென்சனைத் தொலைத்த மனிதர்,
கொப்பியில் இருபது குதிரை எழுதினார்.
ஆளுக்கு ஐம்பது ரூபாய்.
"டஸ்டி பைபிளோ? ஒன்றுக்கு முப்பது. அதை விடுங்கோ பிள்ளை."
எல்லாரும் அதிலேயே கட்டினோம்.
அவர் தலையில் கைவைத்தார்:
எல்லாரும் ஒன்றில் கட்டினால்
ஆரிட்டை வெல்லுறது?

டஸ்டி பைபிளுக்குச் சாணி அள்ளுவது, கால் கழுவுவது,
இன்று கயிறு பிடித்துத் திடலுக்குக் கூட்டிவருவது
என் தம்பி.
அம்மாவின் முப்பத்தொன்றுக்கும்
அவன் ஒரு திரைக்குள்தான் நின்றான்.
இன்று திரை கொஞ்சம் பெரிது.

மூன்றே முக்காலுக்கு வந்தான்.
நீலச் சேர்ட். காதுக்கு மேலே வெள்ளையாய்,
நரையா, வெயிலா?
உற்றுப் பார்க்கமுன் ஒரு சீமாட்டியின் தொப்பி,
கொழுத்த மயில் அளவு,
குறுக்கே வந்து நின்றது.
மூன்று செக்கன் இருக்கும்.
"நரைதான்" என்றார் பெனடிக்ற்.
"வெயில்" என்றா ரீச்சர்.
அதற்குப் பிறகு பேச்சு முழுக்க அதுவே.
பொடியன் தட்டோடு நித்திரையாகிவிட்டான்.

குதிரைகளைப் பெட்டிக்குள் அடைக்கும்போது
பள்ளியில் பாங்கு தொடங்கியது.
ஒருவரும் சொல்லாமலே சத்தத்தைக் குறைத்தேன்.
ரீச்சர் ரோசாவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனா.
சேறு தெறிக்க, சத்தமில்லாமல்,
இரண்டு நிமிடம் ஓடி முடித்தன.
எங்களுடையது பதினோராவது.
சிவநேசர் அவரவர் ஐம்பதை அவரவரிடம் எண்ணிக் கொடுத்து
"வாழ்க்கையில முதல்தரம் நட்டமில்லை" என்றார்.

விடிய, படலைக்குள்ளால் இரண்டு மான் வந்து
மிச்சப் புதினாவைத் தின்றன.
ரோசாவை மணந்து பார்த்து விட்டுவிட்டன.
போன் அதிர்ந்தது.
"அக்கா, கண்டனீங்களோ?"

உனக்கு நரைச்சுப் போச்சடா
என்று எழுதி,
அழித்து,
முட்டை ஒன்றும் மிச்சமில்லை
என்று அனுப்பினேன்.